ஐநூறு தினார் மஹர்

ஐந்தருவிக்குப் போகிற சாலையில் மங்குஸ்தான் என்ன விலை, எண்ணெய் தேய்த்துவிட என்ன விலை என்று கேட்டால் அந்தந்தக் கடைக்காரர் சொல்வார். டாலர் என்ன விலை என்று கேட்டால் ஹபீபுல்லா சொல்வார். கேட்காமலும் சொல்வார். காலையில் வந்து முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, செல்போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "இன்னைக்கும் இருவது பைசா விழுந்துட்டு" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. அவர் குவைத்தில் ஒரு மெஸ்ஸில் பதினாறு வருஷம் சோறு வடித்தவர். முழங்கால் கெட்டுத் தென்காசிக்குத் திரும்பிப் பதிமூன்று வருஷம் ஆகிவிட்டது. மனசு மட்டும் இன்னும் தினாரில்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது. ரூபாய் விழ விழத் தான் உயர்வதாக ஒரு நினைப்பு. இலங்கையில் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றார்களே, அது இங்கேயும் வரும், ரூபாயைக் கோணியில் கட்டிக்கொண்டுபோய்க் கொத்தமல்லி வாங்க வேண்டியிருக்கும் என்று எதிரில் நிற்பவர் யாரானாலும் சொல்வார். அரைக் கிலோ சிப்ஸ் கேட்டு வந்தவர்கள் அதைக் கேட்டுக் கால் கிலோ போதும் என்பார்கள்.

"நம்ம வியாபாரத்துல மண்ணள்ளிப் போட வெளிய இருந்து ஆளு வரவேண்டாம்" என்பாள் அவர் மனைவி ஹாஜரா பீவி.

கடை ஓடியது அவள் கையால்தான். விடிந்ததும் தென்காசியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். நேந்திரங்காயைத் தோலுரித்து மஞ்சள் தண்ணீரில் போடுவாள். காயை ஒரு கையிலும் சீவுகட்டையை மறு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு, காய்ந்த எண்ணெய்க்கு நேர் மேலே சரசரவென்று சீவுவாள். வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் எண்ணெயில் விழ வேண்டும். உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து அதில் ஊற்றும்போது சட்டி சடசடவென்று கத்தும். புதிதாக வந்தவர்கள் நாலடி பின்னால் குதிப்பார்கள். ஹாஜரா நகரமாட்டாள். முழங்கை வரைக்கும் சின்னச் சின்னத் தழும்புகள் அவளுக்கு. கேரளத்துக்காரர்களுக்குத் தேங்காய் எண்ணெயில் ஒரு சட்டி, விலை பார்க்கிறவர்களுக்குப் பாமாயிலில் ஒரு சட்டி. ஒன்றை மற்றதென்று சொல்லி அவள் ஒருநாளும் விற்றதில்லை.

டாலர் ஏறினால் ஹபீபுல்லாவுக்குச் சந்தோஷம். ஹாஜராவுக்குப் பாமாயில் டின் ஏறும், சிலிண்டர் ஏறும், பொட்டலம் போடுகிற பிளாஸ்டிக் உறைகூட ஏறும். காய் கொண்டுவருகிற வாசுதேவநல்லூர் வண்டிக்காரர் டீசலைக் காட்டிக் கூலியை ஏற்றுவார். அவள் மட்டும் விலையை ஏற்ற முடியாமல், ஏற்றினால் ஆள் வராது என்று, லாபத்தைச் சுருக்கிச் சுருக்கி அந்த வருஷச் சாரல் சீசனை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் யாரோ ஒருவன் பேசிய குரல் பதிவு ஒன்று எல்லோர் போனிலும் சுற்றியது. வெள்ளிக்கிழமையோடு ரூபாய் கவிழப் போகிறது, ஐநூறு ரூபாய்த் தாள் எதுவும் செல்லாது என்று. பத்து மணிக்குள் சாலையின் பாதிக் கடைகள் ஐநூறை வாங்க மறுத்துவிட்டன. அருவியில் குளித்து நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் கையில் நோட்டை வைத்துக்கொண்டு ஒரு டீக்குக் கெஞ்சினார்கள்.

பக்கத்துப் பழக்கடை மாரித்தாய் எட்டிப் பார்த்தாள். ஹாஜராவைவிடப் பத்து வயசு மூத்தவள்.

"ஏளா ஹாஜரா, நீ வாங்குதியா ஐநூற?"

"வாங்குதேன்க்கா."

"சவம், நாளைக்குச் செல்லாதுன்னு சொல்லிட்டான்னா?"

"எண்ணெக் கடைக்காரரு வேண்டாங்கட்டும், அன்னைக்கு நானும் யோசிக்கேன். காயி சீவியாச்சு, எண்ணெ காஞ்சாச்சு. நனைஞ்சு வந்து நிக்க பிள்ளைக்குச் சிப்ஸ் இல்லன்னு சொல்லவா? எவனோ போன்ல பேசுனாங்கதுக்காவ நான் அடுப்ப அணைக்க மாட்டேன்."

முக்காலியிலிருந்து ஹபீபுல்லா சொன்னார்: "பேசு, பேசு. ரூவா கவுந்தபெறவு என் தினாருதான் உனக்குச் சோறு போடப்போவுது."

"உங்க தினாரா? அது என் மஹருல்லா" என்றாள் ஹாஜரா.

உண்மைதான். நிக்காஹ்வின்போது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர் அவளுக்கு மட்டும் சொந்தம். வாப்பாவுக்கோ புருஷனுக்கோ அதில் பங்கு கிடையாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் விடுமுறையில் வந்து நிக்காஹ் செய்தபோது ஹபீபுல்லா ஐநூறு தினார் மஹர் கொடுத்தார். இருபது தினார் தாள் இருபத்தைந்து. ஜமாஅத்தில் அப்படி ஒரு மஹரை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஹாஜராவின் வாப்பா ஒரு வாரம் அதைத்தான் பேசிக்கொண்டு திரிந்தார்.

மத்தியானம் மழை கொஞ்சம் ஓய்ந்தபோது கடை இருக்கிற இடத்தின் சொந்தக்காரர் சிவசைலம் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். சாலையோர இடம் அவருடைய பட்டா. சீசனுக்குச் சீசன் ஹாஜராவுக்கு வாடகைக்கு விடுவார்.

"நான் ஓசூர்ல மகன் வீட்டோட போயிருதேன் ஹாஜரா. ஒவ்வொரு வருசமும் வந்து பேசிக்கிட்டிருக்க முடியாது. ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் குடுத்தேன்னா அஞ்சு வருசத்துக்கு உன் பேருல எழுதித் தாரேன். செங்கோட்டை பேக்கரிக்காரன் ரெண்டு லட்சம் தாரேங்கான்."

"எத்தன நாளு டயம் தருவீங்க அண்ணாச்சி?"

"வெள்ளிக்கிழம வரைக்கும். நீ பதினோரு வருசமா அடுப்பெரிச்ச எடம். அதுக்காவத்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன்."

சிவசைலம் போனபிறகு ஹாஜரா அடுத்த காயை எடுத்துச் சீவினாள். பேக்கரிக்காரன் வந்துவிட்டால் அவளுக்கு இந்தச் சாலையில் வேறு இடம் இல்லை. ஒரு தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி விற்கலாம். நாற்பத்து மூன்று வயதில் அதற்கு அவள் தயாராக இல்லை.

அன்று மஃரிபு தொழுகை முடிந்து வீட்டில் மீன் ஆணம் ஊற்றிச் சோறு வைக்கும்போது கேட்டாள்.

"என் மஹர் இருக்க பெட்டிச் சாவியத் தாங்க."

ஹபீபுல்லா சோற்றைப் பிசைந்தபடியே, "டாலரு நூறத் தொடட்டும். இப்ப மாத்துனா நட்டம்" என்றார்.

"வீடு ஒழுகுச்சு, கேட்டேன். நட்டம்னீங்க. சஃப்ரினுக்குப் பள்ளிக்கூடத்துல பணம் கட்டணும்னு ரெண்டு வாட்டி கேட்டேன். நட்டம். எங்க வாப்பா திருநெல்வேலி ஆஸ்பத்திரியில மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்தாங்க. அன்னைக்கும் கேட்டேன். அன்னைக்கும் நட்டம்னுதான் சொன்னீங்க. என் கம்மல அடகு வச்சேன். அது இன்னும் திரும்பி வரல."

"நான் உன் நன்மைக்குத்தான..."

"சாவி தாரீங்களா, இல்ல சீவுகட்டை பிளேடு வச்சு நெம்பட்டுமா?"

மகள் சஃப்ரின் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஹபீபுல்லா மனைவியைப் பார்த்தார். நெம்பக்கூடியவள்தான். இடுப்பிலிருந்த பச்சை பெல்ட்டின் பையைத் திறந்து சாவியை எடுத்தார். தானாக முடிவெடுத்ததுபோலக் குரலை மாற்றிக்கொண்டு, "சரி, நானும் இந்த வாரந்தான் நல்ல ரேட்டுன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

மறுநாள் அவர் வெள்ளைச் சட்டை போட்டு அத்தர் தடவிக்கொண்டார். ஹாஜரா அன்று அடுப்பு மூட்டவில்லை. தென்காசியில் வெளிநாட்டுப் பணம் மாற்றித் தருகிற அல்தாப் கடைக்கு இருவரும் நடந்தே போனார்கள். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் ஹபீபுல்லா நின்று, "நம்ம தினார மாத்தப் போறோம்" என்றார்.

அல்தாப் ஹாஜராவுக்குத் தூரத்து உறவு. ஹபீபுல்லா உறையைப் பிரித்துத் தாள்களை மேஜையில் விசிறிபோல விரித்தார். ஒரு மடிப்பு, ஒரு கறை கிடையாது. அல்தாப் ஒன்றை எடுத்தான். வெளிச்சத்தில்கூடப் பிடிக்கவில்லை. திரும்ப வைத்துவிட்டான்.

"மாமா, இது பழைய நோட்டு."

"பழசுதான். எப்படி வச்சிருக்கேன் பாரு."

"அதில்ல மாமா. குவைத்துல புது நோட்டு வந்து பன்னெண்டு வருசம் ஆச்சு. பழச மாத்திக்கிட பத்து வருசம் டயம் குடுத்தாங்க. போன வருசம் ஏப்ரலோட அதுவும் முடிஞ்சிட்டு. இனிம அங்கன கொண்டு போனாலும் வாங்க மாட்டாங்க."

"தினாரயா?"

"ஆமா மாமா."

"லேய், ரூவாயச் சொல்லுதியா, தினாரச் சொல்லுதியா? அது குவைத் தினாரு."

"தினாரத்தான் சொல்லுதேன். நம்ம குரூப்புல நானே மூணு வாட்டி போட்டேன். நீங்க பாக்கலையா?"

ஹபீபுல்லா பார்த்திருக்கமாட்டார். ரூபாய் விழுகிறது என்று வருவதை மட்டும்தான் அவர் பார்ப்பார், பத்துப் பேருக்கு அனுப்புவார். தினாருக்கும் ஒரு கெடு வரும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒன்று கீழே விழுந்தது. அல்தாப் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

ஹாஜராவுக்கு அந்த நிமிஷம் அவர் மேல் பாவமாக இருந்தது. பதினாறு வருஷம் அடுப்பு வெக்கையில் நின்று சேர்த்த மனுஷன். தெருவுக்கு வந்ததும் அவர், "நம்ம நசீபு அவ்வளவுதான் ஹாஜரா. அல்லா எடுத்துக்கிட்டான், விடு" என்றார். அதோடு அவளுடைய இரக்கம் தீர்ந்தது. அல்லா எடுக்கவில்லை. மாற்றிக்கொள்ள அல்லா பத்து வருஷம் கொடுத்திருந்தான். வாப்பாவின் மூக்கில் குழாய் சொருகிக் கிடந்ததும், தான் அடகுக் கடையில் காதைத் தடவிக்கொண்டு நின்றதும் கண்முன் வந்தன. அழுகை வரவில்லை.

"வீட்டுக்கு இல்ல. ஜமாஅத் ஆபீசுக்கு நடங்க" என்றாள்.

"அங்கன எதுக்கு?"

"என் மஹரக் கேக்கதுக்கு."

ஜமாஅத் செயலாளர் துல்கர்னைன் எழுபதை நெருங்குகிறவர். இவர்கள் நிக்காஹ்வை எழுதியவரும் அவர்தான். நடந்ததை ஹாஜரா சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, பீரோவிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டிப் பக்கம் தேடினார்.

"மஹர் குவைத் தினார் ஐநூறு. கையில் கொடுக்கப்பட்டது. உன் கையெழுத்து இருக்கேம்மா."

"குடுத்தாங்க மாமா. கவர மடியில வச்சாங்க. கைப்பற்றிட்டேன்னு நானும் சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலம் அசருக்குப் பாங்கு சொல்லதுக்குள்ள, நீ தொலைச்சிருவன்னு வாங்கிப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டாங்க. சாவி அவங்க பெல்ட்டுக்குப் போச்சு. குவைத்துக்குப் போகும்போதும் கூடவே போச்சு. நேத்துத்தான் பெட்டியத் தொறந்துருக்கு."

துல்கர்னைன் ஹபீபுல்லாவைப் பார்த்தார். "அப்படியா?"

"பாதுகாப்புக்கு வச்சிருந்தேண்ணே. தப்பா?"

"கேட்டாளா?"

"எப்பவாது..."

"அஞ்சு வாட்டி" என்றாள் ஹாஜரா. "நேத்தோட. மாமா, எனக்கு மார்க்கச் சட்டம் தெரியாது, நீங்க சொல்லுங்க. அந்த நோட்டு உயிரோட இருக்கும்போது என்னத் தொட விடல. செத்தபெறவு, இந்தா உன் பொருளுங்காங்க. செத்தது யாரு கையில இருக்கும்போது?"

துல்கர்னைன் பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்குப் போன் போட்டு விஷயத்தை மெதுவாகச் சொல்லிக் கேட்டார். வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஹபீபு, பாதுகாக்கேன்னு வாங்குனவன், உடையவ கேட்டா குடுத்திரணும். கேட்டும் குடுக்காம வச்சிருந்து அது கெட்டுப்போனா, பொறுப்பு வச்சிருந்தவனுக்கு. ஹஸ்ரத்தும் அதத்தான் சொல்லுதாரு. மஹர் உன் தலையில நிக்கி."

"எங்கிட்ட ரொக்கம் ஏதுண்ணே?"

"மேலகரத்துல மூணு சென்ட்டு கெடக்குல்லா" என்றாள் ஹாஜரா.

ஹபீபுல்லா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது ஒம்பது லட்சம் பெறும். ஐநூறு தினாருக்கு ஒன்றரை லட்சந்தான் கணக்கு."

"அது இன்னைக்குக் கணக்கு. வெள்ளிக்கிழமையோட ரூவா கவுந்துரும், ஒரு தினாருக்கு ஒரு சாக்கு ரூவா குடுக்கணும்னு ஐந்தருவி பூராஞ் சொன்னது யாரு? வெள்ளிக்கிழமக் கணக்குல தாங்க."

துல்கர்னைன் தாடியைத் தடவுகிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டார். ஹபீபுல்லா மின்விசிறியைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். பிறகு, "அதெல்லாம் சும்மா சொல்லுதாங்க. அப்படி ஒண்ணும் ரூவா கவுந்துராது. இவ்வளவு பெரிய நாடு, விட்டுருவாங்களா?" என்றார். பதிமூன்று வருஷத்தில் ரூபாய்க்காக அவர் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"கவுராதுல்லா? அப்ப எனக்கு ரூவாயே போதும். எண்ணெக் கடையில அதத்தான் கேக்காங்க. ஒன்றரை லட்சத்தத் தாங்க. பேக்கரிக்காரனுக்கு முன்ன நான் போவணும்."

ஜமாஅத்தின் பைத்துல்மாலில் பொருளை ஈடு வைத்தால் வட்டியில்லாமல் கடன் கொடுப்பார்கள். மேலகரத்து நிலத்தின் பத்திரத்தை ஹபீபுல்லா ஈடு வைப்பது, கடன் அவர் பேரில், பணம் ஹாஜரா கையில் என்று துல்கர்னைன் வழி சொன்னார். மாசாமாசம் எதிலிருந்து கட்டுவது என்று ஹபீபுல்லா முனகினார்.

"கடையில வந்து காயி உரிங்க. வேற ஆளுக்குக் குடுக்கிற கூலிய உங்களுக்குத் தாரேன். அதுல கட்டுங்க" என்றாள் ஹாஜரா.

வியாழக்கிழமை மத்தியானம் பணம் கிடைத்தது. துல்கர்னைன் அதை ஹபீபுல்லா கையில் கொடுத்து, அவர் கையால் ஹாஜராவிடம் கொடுக்கச் சொன்னார். ஹபீபுல்லா கொடுத்தார். ஹாஜரா வாங்கி எண்ணினாள்.

"கைப்பற்றிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. நீ சொன்னாத்தான் மஹர் தீந்துச்சுன்னு பதிவேட்டுல எழுத முடியும்."

"போன தடவ அவசரப்பட்டுச் சொல்லிட்டேன் மாமா. எடத்த விட்டு வைங்க, பெறவு எழுதிக்கிடலாம்."

பணத்தைச் சீலைக்குள் செருகிக்கொண்டு நேரே பஸ் ஏறிவிட்டாள். சிவசைலம் வீட்டில் பத்திரம் தயாராக இருந்தது. ஐந்து வருஷம், அவள் பேரில். கையெழுத்துப் போடும்போது எழுத்துகளை ஒவ்வொன்றாக, அழுத்தமாகப் போட்டாள். சிவசைலம் தாள்களை எண்ணும்போது ஐநூறைப் பார்த்து ஒரு நொடி தயங்கினார். "செல்லும் அண்ணாச்சி. செல்லாட்டி எங்கிட்டக் கொண்டாங்க, சிப்ஸாத் தாரேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டு எண்ணி முடித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ரூபாய் கவிழவில்லை. எப்போதும்போலக் கொஞ்சம் விழுந்தது. பாமாயில் டின் இன்னும் நாற்பது ரூபாய் ஏறியிருந்தது. மாரித்தாய் வெட்கப்படாமல் ஐநூறு வாங்க ஆரம்பித்துவிட்டாள். ஹாஜரா கால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏற்றி அட்டையில் எழுதி மாட்டினாள். இரண்டு பேர் முறைத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் வாங்கினார்கள்.

ஜும்ஆ முடிந்து ஹபீபுல்லா வந்தார். செல்போன் சட்டைப்பையிலேயே இருந்தது. கீழே பலகை போட்டு உட்கார்ந்து காய் உரித்தார். மெஸ்ஸில் வேலை பார்த்த கை, பழகப் பழக வேகம் வந்தது. மூன்று மணிக்குள் விரலெல்லாம் வாழைக்கறை ஏறிக் கறுத்துவிட்டது. சாரல் காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கி அடித்தது.

கூட்டம் குறைந்த நேரம் பார்த்து அவர் மெதுவாகச் சொன்னார்.

"ஹாஜரா, அந்த வார்த்தையச் சொல்லிரேன். பள்ளியில வச்சு துல்கர்னைன் அண்ணன் கேட்டாரு. மஹர்க் கடனோட மவுத்தாப் போயிருவனோன்னு எனக்கு மனசு கெடந்து அடிக்கி."

அவள் காயை எடுத்து எண்ணெய்க்கு மேலே பிடித்துச் சீவினாள். ஒரு காய் முடிந்தது, அடுத்ததையும் சீவினாள். உப்புத் தண்ணீர் ஊற்றினாள். சட்டி கத்தி அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"இந்தச் சீசன் முடியட்டும். அடுத்த சீசனும் வரட்டும். அன்னைக்கும் இந்தக் கடை என் கையில இருந்துச்சுன்னா சொல்லுதேன்."

"ஒரு வருசமா?"

"நான் பத்தொம்பது வருசம் இருந்தேம்லா."

மழையில் நனைந்த ஒரு குடும்பம் கடைக்கு முன்னால் வந்து நின்று தேங்காய் எண்ணெய் சிப்ஸ் ஒரு கிலோ கேட்டது.

"காயி தீந்துட்டு. அடுத்த தார எடுங்க" என்றாள் ஹாஜரா.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்த் தாரை எடுத்து வந்தார்.